குளத்துக்கு ஒரு ஈத்தூண்டில்: எதற்குக் காசு போடுவது, எதைக் கையால் செய்வது

வன்னியில் தூண்டில் போடத் தெரியாத பிள்ளைகள் குறைவு. ஒரு மூங்கில் தடி, இரண்டு பாகம் தங்கூசி, ஒரு மிதப்பு, தகர டின்னில் மண்புழு, அவ்வளவும் போதும். ஆங்கிலத்தில் பிளை பிஷிங் என்கிற ஈத்தூண்டில் அதிலிருந்து ஒரே ஓர் இடத்தில்தான் பிரிகிறது. ஆனால் எதை வாங்குவது என்ற கணக்கு முழுவதும் அந்த இடத்தில்தான் மாறுகிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஈத்தூண்டிலில் முள்ளோடு இருப்பது இறகும் நூலும் மட்டும், அதைத்தான் ஈ என்கிறோம். எறிந்தால் காலடியில்தான் விழும். அதைத் தண்ணீருக்கு மேலால் கொண்டுபோவது தடிக்கும் ஈக்கும் நடுவில் உள்ள தடித்த லைனின் பாரம். ஆகவே இந்த வேலையில் முதல் சாமான் லைன். தடி அதற்குப் பிறகு. ரீல் கடைசி.

புதிதாக வருகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துத்தான் காசை இழக்கிறார்கள். மினுங்கும் ரீலுக்குப் பாதிக் காசு போய்விடும். லைன் செட்டோடு சும்மா வந்ததாக இருக்கும். பிறகு வீசினால் போகவில்லை என்று தடியைக் குறை சொல்வார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கைக்கு இந்தக் கலை வெள்ளைக்காரரோடு, நுவரெலியா ஓடைகளில் விட்ட திரவுட் மீனுக்காக வந்தது. இன்றைக்கும் படிக்கக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்ந்த ஓடை, சின்ன ஈ, மெல்லிய தடி என்றே பேசுகின்றன. அதைப் பார்த்து வாங்கியது இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ உதவாது. நமது குளத்தில் வெயில் இருக்கிறது, திறந்த வெளியில் காற்று இருக்கிறது, தாமரை இலைக்குக் கீழே விரால் இருக்கிறது.

எந்த இலக்கம்?

ஈத்தூண்டில் தடியும் லைனும் ஒரே இலக்கத்தில் பொருந்த வேண்டும். அந்த இலக்கம் லைனின் முதல் 30 அடியின் பாரத்தைக் குறிக்கிறது. 5 ஆம் இலக்கம் ஏறத்தாழ 9 கிராம், 6 ஆம் இலக்கம் 10.4 கிராம், 7 ஆம் இலக்கம் 12 கிராம், 8 ஆம் இலக்கம் 13.6 கிராம். இலக்கம் கூடக் கூடப் பெரிய ஈயையும் எதிர்க்காற்றையும் சமாளிக்கலாம். ஆனால் கை சீக்கிரம் களைக்கும், சின்ன மீனின் இழுவையும் தெரியாது.

குளத்தில் ஒரே ஒரு தடிதான் வாங்க முடியும் என்றால் 9 அடி, 6 ஆம் இலக்கம். திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் அது கொஞ்சம் கூடுதல், ஒரு கிலோ விராலுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் ஒப்பேற்றும் நடு இலக்கம் அதுதான். விரால் ஒன்றுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் 7. விராலுக்குக் கட்டும் தவளை ஈ காற்றைப் பிடிக்கும், அதை 5 ஆம் இலக்க லைன் புரட்டிப்போடாது, பாதி வழியில் சுருண்டு விழும். 3 ஆம், 4 ஆம் இலக்கத் தடி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சோளகக் காற்று தொடங்கிய பிறகு அதை அணைக்கட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

லைன்

பெட்டியில் டபிள்யூ.எப்.6.எப். என்று இருக்கும். முதல் இரண்டு எழுத்தும் முன்பக்கம் பாரம் கூடியது என்பதற்கு, 6 இலக்கம், கடைசி எப். மிதக்கும் என்பதற்கு. தொடங்குகிறவருக்கு மிதக்கும் லைன் மட்டும் போதும். அமிழும் லைனை இப்போதைக்கு மறந்துவிடலாம். நமது குளத்து அலைகரையில் அமிழும் லைன் போட்டால் தாமரைத் தண்டும் மூழ்கிய மரக்குற்றியும்தான் பிடிபடும்.

பெட்டியில் அவசியம் பார்க்க வேண்டியது, அது எந்தச் சூட்டுக்குச் செய்த லைன் என்பது. குளிர்நாட்டு லைனின் பிளாஸ்டிக் பூச்சு நமது வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், தடியின் வளையங்களில் ஒட்டும், நடுப்பகல் ஆகும்போது அவித்த நூடில்ஸ் போலத் துவண்டுவிடும். ட்ரொப்பிகல் அல்லது வார்ம்வாட்டர் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். பெயருள்ள கம்பனியின் ஆகக் கீழ்விலை லைன் 40 முதல் 60 அமெரிக்க டொலருக்குள் வரும். அதைவிட மலிவான லைன்களில் சில நன்றாகவே போகும், சில இரண்டு மாதத்தில் வெடிக்கும். வாங்கும்போது இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. இந்த ஒரு சாமானில் கை சுருக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

காசை உண்மையாகவே பாதியாக்கும் வழி ஒன்று இருக்கிறது. டி.டி.6.எப். என்ற லைனின் இரண்டு முனையும் ஒரே மாதிரிச் சரிந்திருக்கும். ஏறத்தாழ 90 அடி. நண்பர் ஒருவரோடு சேர்ந்து வாங்கி, சரி நடுவில் வெட்டினால் ஆளுக்கு 45 அடி. குளக்கரையில் மீன் பிடிபடுவது 30, 40 அடிக்குள்தான். வெட்டிய முனையை, ரீலில் லைனுக்குக் கீழே சுற்றும் பின்னூலோடு கட்டிவிட்டால் குறை ஒன்றும் தெரியாது. தனியாள் என்றால் வெட்டாமல் வைத்திருந்து, ஒரு முனை தேய்ந்ததும் மறுபக்கம் திருப்பிச் சுற்றலாம்.

லைன் வந்ததும் முனையிலிருந்து 30 அடி அளந்து கறுப்பு மார்க்கரால் ஒரு வளையம் போடுங்கள். அந்த அடையாளம் தடியின் நுனி வளையத்தில் நிற்கும்போதுதான் தடி தன் முழுப் பாரத்தோடு வளையும். அடையாளம் இல்லாமல் பழகுகிறவர்கள் 15 அடி லைனை வெளியே விட்டுக்கொண்டு கை நோக வீசுகிறார்கள்.

தடி

கார்பன் தடி, நான்கு துண்டு, மேல்பாதி வளைகிற மீடியம் பாஸ்ட் வகை. நான்கு துண்டு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 9 அடித் தடி நான்காகக் கழன்றால் ஒரு துண்டு ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற சொந்தக்காரரின் பெட்டிக்குள் குறுக்காக வைத்துக் கொண்டுவரலாம். இரண்டு துண்டுத் தடி மலிவு என்று கேட்டுவிட்டால், அதைக் கொண்டுவருகிறவருக்கு விமான நிலையத்தில் பெரும்பாடு.

ஒன்லைனில் தடி, ரீல், லைன் எல்லாம் சேர்ந்த தொடக்க செட்டுகள் பெரும்பாலும் 60 முதல் 120 டொலருக்குள் கிடைக்கின்றன. அஞ்சல் செலவும் சுங்கத் தீர்வையும் அதற்கு மேல் வரும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். செட் வாங்குவது தவறல்ல. அதிலுள்ள தடி பெரும்பாலும் தேறும், ரீல் போதும், லைனை மட்டும் மாற்ற வேண்டி வரும். தனித்தனியாக வாங்குகிறவருக்கு ஒரு பங்கீடு: நூறு ரூபாயில் நாற்பத்தைந்து தடிக்கு, முப்பத்தைந்து லைனுக்கு, பதினைந்து ரீலுக்கு, ஐந்து மற்றதற்கு.

புதிதோ பழையதோ, கைக்கு வந்தவுடன் தடியைச் சோதியுங்கள். துண்டுகளைப் பூட்டி, வளையங்கள் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று அடியிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். பூட்டிய இடத்தில் மேல்துண்டு கீழ்துண்டில் முட்டி நிற்காமல் சிறு இடைவெளி இருப்பது நல்லது. தேயத் தேய அது இறங்கும். முட்டிக்கொண்டு நின்றால் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது, வீசும்போது கழன்று பறக்கும். பிறகு பஞ்சுத் துண்டு ஒன்றை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றி இழுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே வெடிப்பு இருக்கிறது. அந்த வெடிப்பு ஒரு கிழமைக்குள் புது லைனைச் சுரண்டிவிடும். ரீலைப் பூட்டும் திருகை இறுக்கி ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

இழுத்து நீட்டும் தடியை ஈத்தூண்டில் தடி என்று விற்கிறார்கள். வாங்க வேண்டாம்.

ரீல்

குளத்தில் ரீலுக்கு இருக்கும் வேலை லைனைச் சுற்றி வைப்பது மட்டும். திலாப்பியாவும் விராலும் நூறு மீற்றர் ஓடுகிற மீன்கள் அல்ல. லைனைக் கையால் இழுத்தே கரைக்குக் கொண்டுவருவீர்கள். 6 ஆம் இலக்க லைன் கொள்ளும் எளிய ரீல், அகலமான நடுத்தண்டு, இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றக்கூடியது, அவ்வளவும் போதும். நடுத்தண்டு ஒடுங்கியதாக இருந்தால் லைன் சுருள் சுருளாக வெளியே வரும். நந்திக்கடல், நாயாறு போன்ற களப்புப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும் ரீலைப் பாருங்கள். அங்கே பாவித்த ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

லைனுக்குக் கீழே 20 இறாத்தல் தாங்கும் பின்னிய டெக்ரோன் நூல் 50 மீற்றர். தங்கூசியை அடியில் சுற்றாதீர்கள். இறுகிச் சுற்றிய தங்கூசி விரிந்து மலிவு ரீலின் உருளையையே பிளக்கக்கூடும்.

லீடர், கடையில் வாங்க வேண்டாம்

லைனின் தடித்த முனைக்கும் ஈக்கும் நடுவில் படிப்படியாக மெலிந்து போகும் தங்கூசிதான் லீடர். கடைப் பாக்கெட் ஒன்று இரண்டு முறை மரத்தில் மாட்டினால் முடிந்தது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வலைச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிற தங்கூசியில் இதைக் கட்டலாம். விறைப்பான தங்கூசிதான் அடிப்பகுதிக்கு நல்லது.

திலாப்பியாவுக்கு: 0.50 மில்லிமீற்றர் நாலரை அடி, அதன் முனையில் 0.38 ஒன்றரை அடி, அதன் முனையில் 0.28 ஒன்றரை அடி, கடைசியாக 0.20 இரண்டு அடி. இந்தக் கடைசித் துண்டுக்கு டிப்பெட் என்று பெயர். ஒவ்வொரு படியிலும் 0.12 மில்லிமீற்றருக்கு மேல் மெலியக் கூடாது. 0.50 உடன் நேரே 0.20 கட்டினால் முடிச்சு வழுக்கும், வீச்சின் விசையும் அந்த இடத்தில் செத்துவிடும். விராலுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. 0.50 நாலு அடி, 0.40 இரண்டு அடி. விராலுக்குப் பல் உண்டு, தாமரைத் தண்டும் அறுக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஓரடியை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டுக் கட்டுங்கள்.

லைனின் முனையில் வளையம் இல்லாவிட்டாலோ, மலிவு லைனின் வளையம் வெடித்துவிட்டாலோ, மை முடிந்த போல்பொயின்ட் பேனையின் உள்குழாயில் இரண்டு அங்குலம் வெட்டிக் கழுவி எடுங்கள். லைனின் முனையையும் குழாயையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பிடியுங்கள். 0.50 தங்கூசியின் முனையை அவற்றோடு சேர்த்து வைத்து, ஓர் அரையடி மிச்சம் விட்டு, அந்த மிச்சத்தால் குழாய், லைன், தங்கூசி மூன்றையும் சேர்த்து ஆறு சுற்று, சுற்றுக்குச் சுற்று ஒட்டினாற்போல் சுற்றுங்கள். முனையைக் குழாய்க்குள் விட்டு, சுற்றத் தொடங்கிய பக்கமாக வெளியே எடுங்கள். சுற்றுகளை நகத்தால் அமத்திப் பிடித்தபடி குழாயை மெல்ல உருவுங்கள். எச்சில் தொட்டு இரண்டு முனையையும் இழுத்தால் சுற்றுகள் லைனின் பூச்சுக்குள் பதியும். பதிந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பதியாமல் மேலே நின்றால் முதல் நல்ல மீனோடு கழன்றுபோகும், அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

ஈ

திலாப்பியாவுக்கு வாய் சின்னது. முள்ளில் இலக்கம் கூடக் கூட அளவு சின்னதாகும். 10 அல்லது 12 ஆம் இலக்க முள்ளில் பழுப்பு அல்லது பாசிப்பச்சைக் கம்பளி நூலைச் சுற்றி, கழுத்தில் ஒரு சேவல் இறகு இரண்டு சுற்று. அவ்வளவுதான் ஈ. தண்ணீரில் மெல்ல அமிழ விட்டு, அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மீன் இது. பாசியும் பூச்சியும் தின்னும், ஓடித் துரத்தாது. வேகமாக இழுத்தால் பார்த்துக்கொண்டு நிற்கும். மயில் தோகைப் பீலியும் ஈ கட்ட உதவும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். மயில் இங்கே சட்டத்தால் காக்கப்பட்ட பறவை, அதை விட்டுவிடுங்கள். சேவல் இறகுக்கு வளவில் பஞ்சமில்லை.

விராலுக்கு மிதக்கும் தவளை ஈ. இதற்குப் பழைய பாட்டாச் செருப்புப் போதும், ஆனால் எல்லாச் செருப்பும் ஆகாது. ஒரு சின்னத் துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். பாதிக்கு மேல் வெளியே தெரிய மிதந்தால் சரி. தனி ரப்பர் செருப்பு அமிழும். 12 மில்லிமீற்றர் நீளம், 8 மில்லிமீற்றர் தடிப்பில் உருண்டையாகச் சீவி, அடிப்பக்கம் பிளேட்டால் ஒரு கீறல். 1/0 அல்லது 2 ஆம் இலக்க நீளக் காம்பு முள்ளை எடுத்து, முதலில் வாலுக்கு நாலு சேவல் இறகைக் கட்டுங்கள். பிறகு காம்பு முழுவதும் நூல் சுற்றுங்கள். வெறும் காம்பில் பசை பிடிக்காது, செருப்புத் துண்டு சுழன்று முள்ளின் வாயை அடைத்துவிடும். கீறலில் சுப்பர் குளூ விட்டுக் காம்பில் அமத்துங்கள். முள்ளின் வாய்க்கும் துண்டுக்கும் இடையில் தாராளமாக வெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரால் கவ்வும், ஆனால் முள் ஏறாது. கடைசியாக 0.50 தங்கூசியை முள்ளின் வளைவிலிருந்து கழுத்து வரை ஒரு வளையமாகக் கட்டுங்கள். அது இருந்தால்தான் ஈ தாமரை இலையில் மாட்டாமல் வழுக்கி வரும்.

எல்லா முள்ளின் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனைக் கழற்றி விடுவதும் லேசு, உங்கள் காதில் ஏறினால் எடுப்பதும் லேசு. முதல் மாதத்தில் அது ஏறத்தான் பார்க்கும். அதனால் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீச வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்புக் கிடையாது.

வாங்க வேண்டாதவை, வீட்டில் இருப்பவை

நெஞ்சுவரை இழுத்துப் போடும் ரப்பர் காற்சட்டை நமக்கு வேண்டாம். நமது குளங்களில் முதலை உண்டு. முழங்காலளவு தண்ணீரில்கூட இறங்கி நிற்கிற பழக்கத்தைத் தொடங்கவே கூடாது. கரையிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நின்றே வீசுங்கள், மீனைத் தூக்கும்போது மட்டும் தண்ணீரைப் பார்த்துக் குனியுங்கள்.

அணைக்கட்டின் கல் அடுக்கில் நின்று வீசினால் கையால் இழுத்த லைன் கல் இடுக்கெல்லாம் புகுந்து மாட்டும். அதற்கென்று விற்கும் கூடை வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பேசினில் இரண்டு துளை போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது காலடியில் தரப்பாள் ஒன்றை விரியுங்கள். பின்வீச்சு தாழ்ந்தால் முள் பின்னால் உள்ள கல்லில் தட்டி முனை முறியும். மீன் கவ்வியும் தங்காவிட்டால் முதலில் முள்ளின் முனையைப் பாருங்கள். பின்னால் பற்றை இருந்தால் அங்கே நின்று பழகாதீர்கள். முதல் இரண்டு கிழமையும் பாடசாலை மைதானமோ அறுவடை முடிந்த வயலோதான் பழகும் இடம். ஈக்குப் பதில் ஒரு கம்பளித் துண்டைக் கட்டிப் பழகுங்கள். பின்னால் லைன் முழுக்க நீளும் வரை பொறுத்து முன்னே தள்ள வேண்டும். சாட்டைபோல் சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள், கம்பளியும் போயிருக்கும்.

தடியை வைக்க இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் 80 சென்ரிமீற்றர், இரண்டு பக்கமும் மூடி. மோட்டார் சைக்கிளில் பூட்டிய தடியோடு போகிறவர்களின் நுனிதான் முறிகிறது. மரக்குற்றியில் ஈ மாட்டினாலும் தடியை வளைத்து இழுக்க வேண்டாம். தடியை நேரே நீட்டி, லைனைக் கையில் சுற்றாமல் பிடித்துப் பின்னால் நடங்கள். அறுவது டிப்பெட்டாக இருக்கட்டும்.

இறங்குமுன்

குளத்து மீன் அந்த ஊரின் பிழைப்பு. அரசின் மீன்வளர்ப்பு அதிகாரசபையான நெக்டா குஞ்சு விடுகிறது, நன்னீர் மீன்பிடிச் சங்கத்தார் அதைப் பிடித்து வாழ்கிறார்கள். சங்கத்தாரிடம் சொல்லிக் கேட்டுவிட்டே தடியைப் பூட்டுங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, கொக்கிளாயும் மன்னார்க் கட்டுக்கரைக்குளமும் சரணாலயங்கள். அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையோ அடையாளக் கம்போ கண்டால், குறுக்கு வழி எவ்வளவு கிட்டவாக இருந்தாலும் மிதித்த பாதையை விட்டு இறங்காதீர்கள். பொழுதுபடமுன் திரும்புங்கள், யானை தண்ணீருக்கு வரும் நேரம் அது. இடி முழங்கினால் கார்பன் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

தண்ணீரில் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் மேலே வந்து போனால் அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாயும். அங்கே ஈ போட வேண்டாம். அந்தச் சோடியைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.

நுளம்புக்குப் பூசும் மருந்தைக் கையின் புறத்தில் மட்டும் பூசுங்கள். அதிலுள்ள டீட் லைனின் பூச்சைக் கரைக்கும், வெயில் கிரீமும் கெடுக்கும். உள்ளங்கையில் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே லைனைத் தொடுங்கள். நாலைந்து முறை போய்வந்ததும் லைனை இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் விட்டு, துணியால் உருவித் துடைத்து, நிழலில் காயவிட்டுச் சுற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் ஜன்னலோரம் ரீலை வைக்காதீர்கள். அரிசிப் பானை இருக்கிற மூலைதான் வீட்டில் ஆகக் குளிர்ந்த இடம்.